குடிமாற்றுக் கூடம்

செவ்வாய்க் கிரகத்திலிருந்து இறங்கிய சிப்பாய்களுக்குக் காதுக்குப் பின்னால் இருக்கும், உத்தரவுக்குக் காத்து நிற்கவைக்கும் ஒழுங்குச் சில்லைக் கழற்றுவது கம்மலைக் கழற்றுவது போலத்தான், வலிக்காது. சில்லு போனாலும் அதன் பழக்கம் மூளையைவிட்டுப் போயிற்றா என்று பார்ப்பதுதான் பெரும்பாடு. முன்பெல்லாம் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர்கள் மளிகைக்கடை வாசலில், “அடுத்தவர் வரலாம்” என்று யாராவது சொல்வார்கள் எனக் காத்து நின்றே மயங்கி விழுந்தார்கள். அதன் பிறகுதான் தூத்துக்குடிக்குத் தெற்கே, விண்துறையை ஒட்டி, குடிமாற்றுக் கூடம் கட்டினார்கள். உள்ளே போகும் சிப்பாய் குடிமகனாக வெளியே வரவேண்டும்.

மெர்லின் சில நாட்களாக வெளியே வந்தபாடில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள் அவள். துணைப்படையில் பேர் கொடுத்திருந்ததால், செவ்வாயின் தண்ணீர்க் குழாய்களுக்குக் காவலாக ஓராண்டு போய்வந்தாள். நாளைக் காலை மகள் அனிஷாவுக்குப் புதுநன்மை. வெள்ளை கவுனும் தலையில் பூக்கிரீடமுமாகக் கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். அம்மா இல்லாமலே அது நடந்துவிடும் போலிருந்தது.

என்ன சோதனை என்று மட்டும் யாருக்கும் சொல்லமாட்டார்கள். கூடத்தில் இருந்ததெல்லாம் ஒரு மஞ்சள் கோடு, ஒரு கவுண்டர், அதன் பின்னால் சோதகன் என்ற ரோபோ, மேலே ஒரு விளக்கு. கோட்டின்மேல் நின்று நின்று ஒருவழியாக மெர்லினின் முறை வரும், விளக்கு சிவக்கும்.

“இன்னும் தேறவில்லை. வரிசையின் கடைசிக்குப் போங்கள்” என்று சோதகன் மரியாதையாகச் சொல்லும்.

அவள் ரோஷக்காரி. சீருடையை நீவிவிட்டுக்கொண்டாள், முதுகை இன்னும் நிமிர்த்தினாள், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். விளக்கு முன்னைவிடச் சீக்கிரமாகச் சிவந்தது.

சாயங்காலம் கணவன் ரூபன் மகளைக் கூட்டிக்கொண்டு கண்ணாடிச் சுவருக்கு வெளியே வந்து நின்றான்.

“ஏட்டி, இன்னுமா விடல? கடைசி பஸ் கெளம்பப் போவுது. இத விட்டா நாளைக்கு மத்தியானந்தான்!”

“வரிசை நகர மாட்டேங்குதே. நான் என்ன செய்ய?”

ரூபன் திகைத்துப்போனான். திருவிழாக் கூட்டத்தில் அவனையும் இழுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விடுகிறவள் அவள். “நீயா வரிசைல நிக்க?” என்றான் பயத்தோடு.

அனிஷா கண்ணாடியில் மூக்கை அழுத்தினாள். “அம்மா, கிரீடம் நீங்கதான் வச்சுவிடணும். அப்பா கோணலா வைக்காங்க.”

அதோடு மெர்லினுக்குப் பொறுமை போயிற்று. மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். “அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க, ஒரே நிமிசம், சின்ன வேலதான்” என்று முன்னால் நின்ற எல்லோரையும் முழங்கையால் ஒதுக்கிக்கொண்டே போய்க் கவுண்டருக்குள் கையை நீட்டினாள்.

“யம்மா, எங்களப் பாத்தா மனுசங்களாத் தெரியலையா?” என்று கத்தினார் ஒரு மீசைக்காரர். கத்தியதோடு நிற்காமல் அவரும் முண்டினார். அவர் பின்னால் மொத்த வரிசையும் முண்டியது.

தன்னைச் சிறையில் போடப்போகிறார்கள் என்று மெர்லின் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது விளக்கு பச்சையாக எரிந்தது. மீசைக்காரருக்கும் பச்சை, முண்டிய எல்லோருக்கும் பச்சை. ஒருவர் மட்டும் மஞ்சள் கோட்டில் அசையாமல் நின்றிருந்தார். அவரைப் பார்த்துச் சிவந்தது.

“வாழ்த்துகள், குடிமகளே. பழக்கம் மிச்சமிருந்தால் அந்த முழங்கை எழுந்தே இருக்காது” என்றது சோதகன்.

மெர்லின் ஓடினாள். பஸ் படியருகே கூட்டத்தைப் பார்த்ததும் ஜன்னல் வழியே கைக்குட்டை, தொப்பி, பை எல்லாவற்றையும் வீசி மூன்று பேருக்கு இடம் போட்டாள். ஓட்டுநர் ரோபோ அந்த இருக்கைகளை நிரம்பியவையாக ஏற்றுக்கொண்டது. “எம் பொண்டாட்டி திரும்பி வந்துட்டா!” என்று ரூபன் சந்தோஷத்தில் அழுதேவிட்டான்.

மறுநாள் அனிஷாவின் தலையில் கிரீடம் நேராக இருந்தது. கோவிலில் பெற்றோர் ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறையாகப் படம் எடுத்தார்கள். பீடத்தின் ஓரம்வரை முன்னேறியிருந்தவள் மெர்லின்தான். அம்மாவின் முழங்கையைக் கண்டதும் அனிஷா வாய்கொள்ளாமல் சிரித்தாள்.

அன்று அங்கே வரிசையாக நின்றவர்கள் வெள்ளை உடுப்புக் குழந்தைகள் மட்டும்தான். அவர்கள் இன்னும் குடிமக்களாகத் தேறவில்லை.