காலருக்குள் ஈரம்

பொம்மையிலிருந்து நாலாவது சட்டையைக் கழற்றும்போதுதான் அவள் விரலில் ஈரம் பட்டது.

காலரின் உட்புறம், கம்பெனிப் பெயர் தைத்த துணிக்குச் சற்று மேலே. புத்தம்புதுச் சட்டை. காலையில் அவளே அட்டைப்பெட்டியைப் பிரித்து, பாலித்தீன் உறையைக் கிழித்து, குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, இஸ்திரிக்கார அக்காவிடம் கொடுத்திருந்தாள். ஏசி எலும்பைக் குடையும் குளிரில் ஓடிக்கொண்டிருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். இஸ்திரிச் சூட்டின் வாசனை இல்லை, புதுத்துணியின் கஞ்சி வாசனையும் இல்லை. நெரிசலான பஸ்ஸில் முன்னால் நிற்கும் ஆணின் பிடரியிலிருந்து வருமே, அந்த வாடை.

இஸ்திரிப் பெட்டியின் தண்ணீர் சொட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சட்டையை மின்விசிறிக்கு நேராகத் தொங்கவிட்டாள்.

அவளுக்கு அது கல்லூரியின் கடைசி வருஷம். போட்டோகிராஃபி படிப்பவர்கள் ஏதாவது ஒரு விளம்பர ஸ்டுடியோவில் இரண்டு மாதம் வேலை பார்த்து, முதலாளி கையால் லெட்டர் வாங்கிக் கொடுத்தால்தான் தேர்வு எழுத முடியும். பதினோரு ஸ்டுடியோ ஏறி இறங்கிவிட்டாள். சிலர் அவள் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். சிலர் அவளையே மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘லைட் ஸ்டாண்ட் தூக்க ஆம்பளைதான் வேணும்மா’ என்றார்கள். பன்னிரண்டாவதாக அவள் போன் செய்த இடத்தில் ஆல்பத்தைக்கூடக் கேட்கவில்லை. ‘உயரம் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, ‘நாளைக்கே வா’ என்றார் முதலாளி. ஏன் அந்தக் கேள்வி என்று யோசிக்கும் நிலைமையில் அவள் இல்லை.

ஜன்னலே இல்லாத நீள அறை. ஒரு காலத்தில் கிடங்காக இருந்ததாம். வாசலுக்கு இரும்பு ஷட்டர். உள்ளே நட்டநடுப் பகலிலும் விளக்கைப் போட்டால்தான் கை தெரியும். வேலை பார்க்க எளிதுதான். தலையில்லாத டம்மி பொம்மை ஒன்றுக்குச் சட்டையை மாட்டி, வெள்ளைப் பேப்பருக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம். காலரின் உட்புறம் தெரிய இன்னொரு படம். பிறகு கம்ப்யூட்டரில் டம்மியை அழித்துவிட்டு இரண்டையும் ஒட்டினால், சட்டை மட்டும் நெஞ்சைப் புடைத்துக்கொண்டு தனியாக நிற்கும். போட்டவன் இருக்கமாட்டான். துணி விற்கும் கம்பெனிகளுக்கு அப்படித்தான் வேண்டும்.

சாயங்காலம் முதலாளி வந்தார். கசங்கிய முகம், வெற்றிலைப் பாக்கு மெல்லுவதுபோல் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும் தாடை. தொங்கிக்கொண்டிருந்த சட்டையின் காலரைத் திருப்பிப் பார்த்தார்.

“ஏய் காலேஜ், யாரு வேர்வை இது?”

அவள் பெயரை அவர் கேட்டதே இல்லை.

“சார், நான் தொடறதுக்கு முன்னாடியே ஈரமாத்தான்...”

“ஆமா, சட்டைக்குத் தானா வேர்த்துடுச்சு. வாயில மட்டும் ஒண்ணும் குறைச்சல் இல்ல. நாளையிலிருந்து கிளவுஸ் போடு. இன்னொரு பீஸ்ல கறை பட்டுச்சுன்னா லெட்டரைக் கனவுலதான் வாங்கணும்.”

மறுநாள் கிளவுஸ் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு ஈரம் ஆறு சட்டைகளில் இருந்தது.

இஸ்திரிக்கார அக்கா அவளோடு அதிகம் பேசமாட்டாள். சுவரைப் பார்த்தபடி நின்று தேய்ப்பாள். தேய்த்த சட்டையை டம்மிக்கு மாட்டுவதும் அவள்தான். ஆனால் டம்மிக்கு முன்னால் அவள் ஒருமுறையும் வந்து நின்றதில்லை. பின்னாலிருந்து இரண்டு கைகளையும் சுற்றிவிட்டு, பார்க்காமலே தடவித் தடவிப் பொத்தான் போடுவாள். போட்டு முடித்ததும் சூடு பட்டவள்போல் கையை உதறிக்கொண்டு ஒதுங்கிவிடுவாள்.

“அக்கா, எனக்கு முன்னாடி இங்க யாரு படம் எடுத்தாங்க?”

“ஒருத்தன் இருந்தான்.”

“ஏன் விட்டுட்டுப் போனாரு?”

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முதல்முறையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் துளி ஈரம் இல்லை.

“போயிட்டான்னு உங்கிட்ட யாரு சொன்னா?”

மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பித் தேய்க்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் காலை எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வெள்ளைச் சட்டைகள். கேமரா ஸ்டாண்டில் பூட்டிய கேமரா, தரையில் டேப் ஒட்டிக் குறித்த டம்மி, அசையாத விளக்குகள். அதனால் எல்லாப் படமும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்த வேண்டும். பொருந்துகிறதா என்று சரிபார்க்க அம்புக்குறிப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். படங்கள் கடகடவென்று ஓடின.

சட்டையின் நெஞ்சு மேலே எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது. தாழ்ந்தது.

விரலை எடுத்தாள். படம் நின்றது. மறுபடி அழுத்தினாள். மெதுவாக, தூங்குகிறவனின் மூச்சுபோல, சீராக எழுந்து தாழ்ந்தது. மேல்பொத்தானுக்குக் கீழே துணி இறுகித் தளர்ந்தது. இருபத்தெட்டாவது படத்துக்குப் பிறகு மூச்சு வேகமானது. முப்பத்தைந்தாவதற்குப் பிறகு இன்னும் வேகம். ஓடி வந்தவன் மூச்சு. நாற்பதாவது படத்தில் நெஞ்சு புடைத்தபடி நின்றுவிட்டது.

இழுத்துப் பிடித்த மூச்சு.

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைப் பேப்பருக்கு முன்னால் டம்மி நின்றது. நாற்பத்தோராவது சட்டை. அசைவில்லை. ஏசியின் உறுமல் மட்டும்.

அண்ணனுக்கு போன் போட்டாள். அப்பா போன பிறகு வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம்.

“அண்ணா, இங்க என்னமோ சரியில்ல. நீ வந்து கூட்டிட்டுப் போறியா?”

“ஆரம்பிச்சுட்டியா? சொல்லிக்கிற மாதிரி ஒரு படிப்பு படின்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? கேமராதான் வேணும்னு குதிச்ச. இப்ப மூணே நாள்ல முகம் சுருங்குது.”

“அதில்லண்ணா, இங்க...”

“லெட்டரோட வா. இல்லன்னா கேமராவை வித்துட்டு மாமா கடையில கணக்கு எழுத வா. நடுவுல வராத.”

வைத்துவிட்டான்.

அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது இஸ்திரிக்கார அக்கா பெட்டியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டாமலே போட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“அக்கா, எங்க போறீங்க? இன்னும் மத்தியானம்கூட ஆகலையே.”

“என்னைப் பாக்காத.” அக்கா நிற்கவில்லை. “எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு.”

வாசலில் முதலாளி நின்றிருந்தார். அக்காவுக்கு வழிவிட்டார். ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை.

“சார், அந்த டம்மி அசையுது. படத்துல தெரியுது, வந்து பாருங்க.”

“நீ ஸ்டாண்டைத் தட்டிவிட்டிருப்ப.” அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “இன்னும் அறுபது பீஸ் இருக்கு. சாயங்காலம் கம்பெனிக்காரன் வர்றான். நான் வெளிய போறேன். உள்ள லட்சக்கணக்குல சரக்கு கெடக்கு, ஷட்டரை இறக்கிட்டுப் போறேன்.”

“சார், வேணாம். சார்!”

ஷட்டர் தடதடவென்று இறங்கியது. வெயில் ஒரு கோடாகச் சுருங்கி, தரையோடு மறைந்தது. பூட்டு விழும் சத்தம். தெருவில் ஆட்டோ ஹாரன் ஒன்று எங்கோ கிணற்றுக்கடியில் அடிப்பதுபோல் கேட்டது.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பயந்தால் லெட்டர் வருமா? பொம்மைதானே. ஃபைபர் பொம்மை. அதுதான் தொந்தரவு என்றால் அது இல்லாமலே எடுத்துவிட்டால் ஆயிற்று. சட்டையை மேஜையில் படுக்கவைத்து மேலிருந்து எடுப்பதும் உண்டு, கல்லூரியில் செய்திருக்கிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, டம்மியின் பொத்தான்களை அவிழ்த்துச் சட்டையை உருவினாள். உள்ளே வெறும் ஃபைபர். சில்லென்று, செத்த குளிர்ச்சி. ஈரம் இல்லை, சூடு இல்லை. அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. டம்மியை இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டுபோய் உடைமாற்றும் அறையில் தள்ளி, கதவைச் சாத்தி, நாற்காலி ஒன்றை முட்டுக்கொடுத்தாள்.

வெள்ளை மேஜையை நடுவில் இழுத்துப்போட்டாள். சட்டையை விரித்தாள். கைகளை இருபுறமும் ஒழுங்காக நீட்டிவைத்தாள். போனை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறிக் கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்தாள்.

முதல் படம். தட்டையான சட்டை. நல்ல வெளிச்சம்.

ஃப்ளாஷ் விளக்கு மறுபடி தயாராகி ‘பீப்’ என்றது.

இரண்டாவது படம்.

கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினாள். சட்டையில் சுருக்கம் விழுந்திருந்தது. முழங்கை மடங்கும் இடத்தில். அவள் நீட்டிவைத்த கை லேசாக மடிந்திருந்தது. மேஜையில் ஒட்டிக்கிடந்த துணிக்கு அடியில், காற்றடைப்பதுபோல், ஏதோ மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தது. தோள் உருண்டது. விலா எழுந்தது. காலர் வட்டமாகத் திறந்து, உட்புறம் தெரிந்தது.

அங்கே ஈரம் பரவியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

ஸ்டூல் சரிந்தது. கேமரா எங்கோ உருண்டது. அவள் ஓடினாள். ஒயரில் தடுக்கி, எழுந்து, ஷட்டரில் போய் மோதினாள். இரண்டு கைகளாலும் அடித்தாள்.

“யாராவது திறங்க! திறங்க!”

“எத்தனை ஆச்சு?”

குரல் மிகப் பக்கத்திலிருந்து வந்தது. ஷட்டருக்கு அந்தப் புறம், ஒரு சாண் தூரம். முதலாளி. எங்கும் போகவில்லை. நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. இவ்வளவு நேரமும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

“சார், திறங்க சார், உள்ள... மேஜையில...”

“எந்திரிச்சிடுச்சா?”

அவள் கைகள் ஷட்டரிலேயே நின்றுவிட்டன.

“உங்களுக்கு... தெரியுமா?”

“அழாத.” அவர் குரலில் கோபம்கூட இல்லை. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை போட்டாயா என்று கேட்பதுபோல் இருந்தது. “நீ அழுதா அதுக்கு மூச்சு வாங்கும். திரும்பிப் பாக்காத. உனக்கு முன்னாடி இருந்தவன் திரும்பித் திரும்பிப் பாத்தான், அதான் நாலு நாள்ல முடிஞ்சிடுச்சு.”

“என்னை விட்டுடுங்க. லெட்டர் வேணாம். ஒண்ணும் வேணாம்.”

“அவன் குட்டைக் கை. அவன் மேல எந்தச் சட்டையும் சரியா நிக்கல.” தாடை மெல்லும் சத்தம். “உன் உயரம் சரியா இருக்கும்.”

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து தெருவோடு கலந்தது.

பின்னால், பேப்பர் சரசரத்தது.

திரும்பவில்லை. உள்ளங்கைகளை இரும்போடு அழுத்திக்கொண்டாள். கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். மூட முடியவில்லை. எதிரே ஷட்டரின் வரிவரியான தகடு மட்டும். அறை விளக்குகள் அணைந்தன.

‘பீப்.’

ஃப்ளாஷ் அடித்தது. ஃப்ளாஷ் விளக்குகள் எல்லாம் மேஜையைப் பார்த்துத்தான் இருந்தன, அவளே திருப்பிவைத்தவை. இந்த வெளிச்சம் அவள் முதுகில் விழுந்தது. ஷட்டர் தகட்டில் அவள் நிழல். அதற்குச் சற்று வலப்புறம் இன்னொரு நிழல். அகன்ற தோள்கள். விறைத்த காலர். தொங்கும் கைகள்.

இருட்டு.

அந்த வாடை.

‘பீப்.’

வெளிச்சம். இரண்டாவது நிழல் நெருங்கியிருந்தது. அதன் கைகள் இப்போது தொங்கவில்லை. விரிந்திருந்தன. கைமுனைகளில் விரல் இல்லை.

இருட்டு.

அவள் பிடரியில் ஒரு சூடு. மூச்சு. பிறகு தோள்களின்மேல் துணி விழுந்தது. மெதுவாக. பொறுமையாக. யாரோ பின்னாலிருந்து, தடவித் தடவி, ஒரு பொத்தான். இன்னொன்று. கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். சத்தம் கேட்கவில்லை.

‘பீப்.’

வெளிச்சம்.

தகட்டில் ஒரே ஒரு நிழல் இருந்தது. நிமிர்ந்து, நெஞ்சைப் புடைத்து, அளவெடுத்துத் தைத்ததுபோல் கச்சிதமாக. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காலருக்கு மேலே ஒன்றுமே இல்லை.