கோடிச் சேலை

இடது தோள் மறுபடியும் இறங்கியிருந்தது.

காலையில்தான் புனிதா அதைப் பிரித்துத் தைத்தாள். சிலிபின் வட்டாரத்தில் அவள் தையல் கடைவீட்டின் தகரக் கூரையில் மாலை மழை இரைந்துகொண்டிருக்க, பொம்மைமேல் போட்டிருந்த கத்தரிப்பூ நிற கவுன் வாளி சுமந்து களைத்தவளைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இஸ்திரி ஆவியையும் மீறிப் பன்னீரும் புளித்த ரப்பர் பாலும் மணத்தன.

கல்யாண உடை வடிவமைக்க ஈப்போவில் அவளை விட்டால் ஆளில்லை என்று பெயர். அந்தப் பெயர்தான் அவள் கண்ணை மறைத்தது. ரப்பர் தோட்டத்தில் பால் வாளி சுமந்தே இடது தோள் இறங்கிப்போன பெரியம்மா முத்தம்மா இறந்தபோது, பிறந்த வீட்டார் போர்த்திய கோடிச் சேலை உடலோடு போயிருக்க வேண்டும். அப்படியொரு கத்தரிப்பூ நிறப் பட்டை எரிக்கப் புனிதாவுக்கு மனம் வரவில்லை. பிணத்தின் கால் பெருவிரல்களைச் சேர்த்துத் தன் தையல் முடிச்சைப் போட்ட அதே கையால் சேலையை உருவி ஒளித்தாள். அதுதான் இப்போது தங்கை சாந்தினியின் கல்யாண உடை. தாயில்லாத அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்தவள் புனிதா. சாந்தினியை விட்டால் புனிதாவுக்கு வேறு யாருமில்லை.

போதும், வெட்டிப் போட்டுவிடலாம். உள்ளே போய்க் கத்தரியோடு திரும்பினாள். பொம்மை வெறுமையாக நின்றது.

"அக்கா, நான்தான். போட்டுட்டேன்." திரைக்குப் பின்னால் சாந்தினியின் குரல். "இப்பத்தான் சரியா இருக்குலா."

"கழட்டு! உடனே கழட்டு சாந்தினி!"

"ஏன்க்கா? அளவெடுத்த மாதிரி இருக்கே."

புனிதா திரையை விலக்கினாள். ஒரு சுருக்கமில்லை. கச்சிதம். சாந்தினியின் இடது தோள் இறங்கியிருந்தது.

ஊக்குகளை இழுத்தாள். அவிழவில்லை. கத்தரியை வைத்து அழுத்தினாள். பட்டு அறுபடவில்லை.

"பெரியம்மா, தெரியாம செஞ்சிட்டேன். என்னை எடுத்துக்குங்க. இவள விட்டுடுங்க!"

தெரிந்துதான் செய்தாள். அது அவளுக்கே தெரியும்.

மழை நின்றது. பன்னீர் வாசனை கூடியது.

"அக்கா..." சாந்தினியின் வாய் சரியாகத் திறக்கவில்லை. "காலு நகர மாட்டேங்குது."

புனிதா மண்டியிட்டாள். கவுனின் ஓரத்தைத் தூக்கினாள்.

பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. கத்தரிப்பூ நிறப் பட்டில் கிழித்த துண்டு. விரல்கள் சில்லிட்டிருந்தன.

முடிச்சு, பெரியம்மாவின் விரல்களுக்குப் புனிதா போட்ட அதே முடிச்சு.