மயக்கம் தெளிந்த பின்

"நாய்னா நாய். பூனைன்னா பூனை. இதுல என்ன பெரிய—"

"அப்ப செருப்பை யாருங்க கவ்விட்டு வந்தது? அதைச் சொல்லுங்க முதல்ல."

"என்னைப் பேச விடுறியா, கிழவி? எலின்னு நினைச்சுப் பூனை கவ்வியிருக்கும். போதுமா?"

"உங்க காலடியில கொண்டுவந்து வெச்சுட்டு வாலை ஆட்டுச்சே, அது எந்த ஊரு எலி?"

ஏலக்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக உடைந்தது. பழைய கட்டில் பீரோக்களையும் நொடித்துப்போன கடைகளின் சரக்கையும் காலமெல்லாம் கூவிக் கூவி விற்ற தொண்டை அது. இப்போது அதற்குள் ஒரு கட்டி. அடுத்த வாரம் அறுவை. அதுவரை வாயைத் திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெண்டாட்டியோடு சண்டை போடுவது பேச்சில் சேராது என்பது இவர் கட்சி.

வீட்டில் இரண்டு ஜீவன்கள். நாய்க்குச் சண்டியர் என்று பெயர். பெயர்தான் அப்படி, இடி இடித்தால் கட்டிலுக்கடியில் அழும். யார் வந்தாலும் வாசலுக்கு ஓடும், செருப்பைக் கவ்விவந்து காலடியில் போட்டுவிட்டுப் பாராட்டுக்குக் காத்து நிற்கும். பூனை மகாராணி. கூப்பிட்டால் வராது. பிரிட்ஜின் மேல் உட்கார்ந்து எல்லாரையும் மேலிருந்து பார்க்கும். மேசை ஓரத்து டம்ளரை, நம் முகத்தைப் பார்த்தபடியே, மெல்ல மெல்லத் தள்ளிக் கீழே போடும்.

ரெண்டுக்கும் பல் கெட்டிருந்தது. ஏலக்காரர்தான், ஒரே அலைச்சலாகப் போகட்டும் என்று ஒரே நாளில் மிருக டாக்டரிடம் கொண்டுபோனார். பக்கத்துப் பக்கத்து மேசையில் மயக்க ஊசி. வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே கேட் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடியது பூனை. நாய் நாற்காலியில் முன்னங்காலை ஊன்றி எழுந்து, பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தபடியே, டம்ளரைத் தள்ளியது.

அப்புறம் அது பிரிட்ஜின் மேல் தாவப் பார்த்தது. விழுந்தது. மறுபடியும் தாவியது. மறுபடியும் விழுந்தது. அதைவிடப் பூனையைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. தெருவில் யாராவது போனால் அது கழுத்தை நீட்டி, வாயை அகலத் திறந்து, உடம்பையே உலுக்கும். சத்தம் வராது. குரைக்கத் தெரிந்த ஏதோ ஒன்று, குரைக்க வாயில்லாமல், உள்ளே முட்டி மோதிக்கொண்டிருந்தது.

மிருக டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டாள். "திரும்ப மயக்கம் குடுத்துப் பாருங்களேன். இடம் மாறினது இடத்துக்கு வந்துடும்." அவர் சிரிக்கவில்லை. "வயசான உசுரும்மா. இன்னொரு மயக்கம் தாங்காது" என்றார்.

"ஆத்மா மாறிப்போச்சாம்!" ஏலக்காரர் சிரிப்பில் கசிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பூனைக்கு ஏதுடி ஆத்மா? அதுக்கு இருக்கறது வயிறு."

"இல்லாதது எப்படிங்க மாறும்? நீங்களும் மயக்கத்துல படுக்கப்போறீங்க. அந்த நேரம் பார்த்து இதுங்க தூங்கிட்டு இருந்தா?"

"நல்லதாப் போச்சு. பிரிட்ஜ் மேல உக்காந்து உன்னை அதிகாரம் பண்றேன்." உள்ளங்கையால் மேசையில் ஒரு தட்டு. "நாய் நாய்தான், ஒரு தரம். பூனை பூனைதான், ரெண்டு தரம்..."

அது அவர்கள் வீட்டு வழக்கம். அவள் கோபித்துக்கொண்டு அறைக்கதவைச் சாத்தினால் வெளியே நின்று தட்டித் தட்டி எண்ணுவார். மூன்றாம் தரம் என்று அவர் சொன்னதே கிடையாது. அதற்குள் அவள் திறந்துவிடுவாள்.

"சரிங்க. நீங்க சொல்றதுதான்" என்றாள்.

அறுவைக்குப் போகும் நாளில் தங்கையை வீட்டில் உட்காரவைத்து, ரெண்டும் ஒரு கண்கூட மூடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்க மருந்து நெடி. எங்கோ ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டேயிருந்தது. பச்சைத் துணி போர்த்திய கட்டிலில் ஏலக்காரரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது கட்டில் கம்பியில் விரலால் ரெண்டு தட்டுத் தட்டிக் கண்ணடித்தார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை.

"தூங்கலையே?"

"எங்கக்கா தூங்க விட்டேன்? தட்டைத் தட்டித் தட்டி எனக்குத்தான் கை போச்சு. ரெண்டும் என்னைக் கொலைகாரி மாதிரி பார்க்குதுங்க."

இன்னொரு கட்டில் வந்தது. அதில் ஒரு சின்னப் பெண். "டான்சில்" என்றாள் அதன் தாய், கேட்காமலே. அவள் தலையாட்டிவிட்டு, கட்டில் போகக் காலை மடக்கி வழிவிட்டாள். அந்தக் குழந்தையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "விழிச்சிருக்கா? ரெண்டுமா?" என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். காயம் ஆறும்வரை பேசக்கூடாது. நெஞ்சு பலவீனம். இனி மயக்க மருந்துப் பக்கமே போகக்கூடாது. பெரிய டாக்டர் இதைச் சொன்னபோது, மிருக டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

வீடு திரும்பியதும் வாசலில் பூனை ஓடிவந்தது, செருப்பைக் கவ்வ. ஏலக்காரரின் காலை மோந்தது. நின்றது. பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து போய்க் கட்டிலுக்கடியில் பதுங்கியது. நாய் முதுகை வளைத்துப் பல்லைக் காட்டியது.

அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரை, மின்விசிறியை, தன் கையின் நரைத்த முடியைப் பார்த்தார். கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினால் வாங்கவில்லை, வாயை மட்டும் திறந்தார். தூங்கும்போது முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அவள் எழுந்தால் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"ஏங்க, நான் யாரு? சொல்ல வேணாம். தலையை மட்டும் ஆட்டுங்க."

அவர் கண் நிறைந்தது. அவ்வளவுதான்.

மருந்து அப்படித்தான் இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு எழுந்துபோய், கோபக்காரி மாதிரி, பக்கத்து அறைக்கதவைச் சாத்தினாள். பேச முடியாவிட்டால் என்ன, தட்டலாமே. கதவில் காதை வைத்துக் காத்திருந்தாள். சமையலறையில் குழாய் சொட்டியது. தெருவில் சைக்கிள் மணி. கதவில் தட்டு விழவில்லை. கீழே, தரையோரம், ஏதோ உரசியது. நகம் மாதிரி. மெல்ல.

திறந்தாள்.

தரையில் உட்கார்ந்திருந்தார். அத்தனை பெரிய உடம்பு. கால் நனைந்திருந்தது. அவளுக்காகக் காத்துக்கொண்டு.

மணி அடித்தது. போன். எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கர் அமுங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கோங்கம்மா, நீங்க யாருன்னே தெரியல." ஒரு பெண்குரல், அழுது கரகரத்த குரல். "எம் பொண்ணுக்கு டான்சில் எடுத்தோம். பேசாதடின்னா கேக்க மாட்டேங்கறா. எங்களைக் கிட்டயே விடல. முழிச்சதுலேருந்து இந்த நம்பரையே சொல்றா. ஒரே ஒரு வார்த்தை பேசிடுங்கம்மா."

அந்தக் குரல் கேட்டதும் தரையில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். கழுத்தை நீட்டினார். தையல் போட்ட தொண்டை. வாய் அகலத் திறந்தது. உதடு ஒட்டிப் பிரிந்தது. அம்மா. சத்தம் வரவில்லை. அம்மா. உடம்பு முழுக்க உலுக்கியது. அம்மா.

கட்டிலுக்கடியிலிருந்து பூனை பார்த்துக்கொண்டிருந்தது.

போனில் மூச்சு. சின்ன மூச்சு. பிறகு மரத்தின் மேல் ஒரு தட்டு. குட்டி உள்ளங்கை.

"கிழவி." பால்பல் போன சந்தில் காற்று சீறியது. "கதவைத் திறடி. ஒரு தரம்..."

மறுபடி ஒரு தட்டு.

"ரெண்டு தரம்..."