அக்கா காலியாக விட்ட இடம்

அக்காவின் பட்டறைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. ஆள் போய் ஐந்து மாதமாகியும் உள்ளே மையும் மண்ணெண்ணெயும் அவள் தலைக்குத் தடவும் எண்ணெயும் கலந்த வாடை அப்படியே இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. செத்த பிறகும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறாளே!

நானும் அவளைப் போலச் செப்புத் தகட்டில் கீறி, மை தடவி, தாளில் அச்செடுப்பவள்தான். அவள் படங்களைப் பார்த்தவர்கள் வாயடைத்து நிற்பார்கள். என் படங்களைப் பார்த்தவர்கள், "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்பார்கள்.

கண்காட்சிக்காரர் அவளுடைய கடைசி அச்சை மேசையில் விரித்து வைத்திருந்தார். அத்தான் ஓரமாக, அக்காவின் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். தினமும் சார்ஜ் போட்டு அணையாமல் காக்கிறாராம்.

"அவ விரல் வச்சாத்தான் திறக்கும்," என்றார் பாவமாக.

"நீங்களே சொல்லுங்க, இது தேறுமா?" என்று என்னைக் கேட்டார் கண்காட்சிக்காரர். "தேறலேன்னா கண்காட்சியில பெரிய சுவர் உங்க படங்களுக்குத்தான்."

இடப்பக்கம் விரல்கள் முளைத்த நாற்காலி. அதன் மேல் கண்ணைப் போல ஒரு கறுப்பு வட்டம். கோடுகளெல்லாம் சாய்ந்து வலப்பக்கம் ஓடின. அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. கீழ் மூலையில், கையெழுத்துக்குப் பதிலாக அவள் எப்போதும் வைக்கும் கட்டைவிரல் ரேகை.

"பாரமெல்லாம் ஒரே பக்கம். கண்ணு வலப்பக்கம் போய் நிக்க இடமில்லாம தடுமாறுது. இது முடிக்காத படம்," என்றேன்.

பொய்யில்லை. ஆனால் அந்த வெள்ளை யாருக்கோ இடம் பிடித்து வைத்தது போலிருந்ததை மட்டும் நான் சொல்லவில்லை.

"எதுக்கும் இதே தகட்டுல இன்னொண்ணு அச்செடுத்து வைங்க," என்றார் கண்காட்சிக்காரர். " டீ குடிச்சிட்டு வந்துடறோம்."

இருவரும் போனார்கள். நான் ஊசியை எடுத்தேன். தகட்டின் இடப்பக்கம், நாற்காலி மேலேயே, ஆத்திரம் தீரக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இழுப்பு. பழைய தகடு, பழுதாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கையுறை மாட்டி, மை தடவி, அச்சுச் சக்கரத்தைச் சுற்றினேன்.

தலை எண்ணெய் வாடை என் காதருகே வந்தது.

நான் திரும்பவில்லை.

தாளை உரித்தேன். நாற்காலியில் ஒரு கீறல்கூட இல்லை.

தகட்டில் இடம் என்றால் தாளில் வலம். இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். நாற்காலி தகட்டின் வலப்பக்கம் இருந்தது. பொறாமை கண்ணை மறைக்க, காலி இடத்தில் கீறியிருக்கிறேன்.

அங்கே இரண்டு கீறல்கள் இல்லை. ஒரு பெண் இருந்தாள். குனிந்திருந்தாள். கையில் ஊசி.

நான்.

கீழ் மூலையில் கட்டைவிரல் ரேகை, ஈரமாக.

"அடேங்கப்பா!" வாசலிலிருந்தே கூவினார் கண்காட்சிக்காரர். "இந்த உருவம் வந்ததும் மொத்தப் படமும் நிமிர்ந்துடுச்சே! பெரிய சுவர் அக்காவுக்குத்தான்."

கையுறையைக் கழற்றினேன். உள்ளே என் கட்டைவிரல் முழுக்க மை. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். போகவில்லை.

அத்தான் அழுதுகொண்டிருந்தார். "இதைக் கொஞ்சம் பிடிம்மா," என்று போனை நீட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

வாங்கினேன். என் கட்டைவிரல் பட்டதும் அது திறந்துகொண்டது.