தட்டு போகாத இளவரசர்

வியாழக்கிழமை பிற்பகல் மலைக்கோட்டை வாசலில் மலிக் நுஸ்ரத் பல்லக்கை விட்டு இறங்கியபோது, இளவரசர்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. காடைச் சண்டையின் கூச்சல் இல்லை, தம்பூராவைப் போட்டு வதைக்கும் நாராசம் இல்லை, சோற்றுத்தட்டு முதலில் யாருக்கு என்று பெண்கள் அடித்துக்கொள்ளும் ரகளையும் இல்லை. எப்போதும் மதிலைத் தாண்டி வரும் பொரித்த வெங்காய வாசனைக்குப் பதிலாக ஈரச் சுண்ணாம்பின் வாடை மட்டும் வந்தது. மலிக் மூக்கைச் சுளித்துக்கொண்டார்.

கான்தேசம் என்று பேர்தான் பெரிது. தபதி ஆற்றங்கரையில் கொஞ்சம் பருத்திக்காடு, ஒரு நகரம், ஒரு மலை. இதற்கு ஒரு சுல்தான், சுல்தானுக்குத் தங்கக்குடை, யானை, முரசு! பக்கத்தில் குஜராத்துக்காரன் செருமினால் இங்கே அரண்மனையில் பாதிப் பேருக்கு வயிறு கலங்கும். எங்கள் ராஜவம்சத்தின் வீரம் முழுவதும் சொந்தக்காரர்களைப் பூட்டி வைப்பதில்தான். அண்ணன், தம்பி, சித்தப்பன் மகன் என்று ராஜரத்தம் உள்ள எல்லாரையும் பெண்டாட்டி பிள்ளைகளோடு மலைமேல் ஒரே வீட்டில் அடைத்துவிடுவார்கள். சுல்தான் மண்டையைப் போட்டால் உள்ளேயிருந்து ஒருவனை இழுத்து வந்து முடிசூட்டுவார்கள். பலியாட்டைக்கூட நாலு நாள் வெளியே மேய விடுவார்கள்.

புதன்கிழமை இரவு சுல்தான் செத்தார். எல்லையில் குஜராத் படை, தனக்கு வேண்டிய ஒரு பிள்ளையைக் குதிரையில் ஏற்றித் தயாராக வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா பிரசங்கத்தில் புது சுல்தானின் பெயர் படிக்கப்படாவிட்டால் அரியணை காலி என்று அர்த்தம். படை உள்ளே வரும். வந்தால் முதலில் உருளுவது அரண்மனையை ஆட்டிவைத்த மலிக் நுஸ்ரத்தின் தலைதான். அவருக்கு நாளை நண்பகலுக்குள் ஒரு ராஜா வேண்டும். அதிலும் வாய் திறக்காத ராஜாவாக இருந்தால் உத்தமம்.

"என்னய்யா மர்ஜான், உன் கோழிக்கூண்டுல எல்லாம் செத்துப்போச்சா?" என்றார்.

கோட்டைக்காவலன் மர்ஜான் சிரிக்கவில்லை. கறுத்துப் பருத்த ஆள், எதற்கும் அசையாதவன் என்று பேர்.

"நேத்து ராத்திரியிலிருந்து இப்படித்தான் ஹுஜூர். போட்ட சோறு போட்டபடி கிடக்கு."

"சுல்தான் போன சேதி யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. இங்க சத்தம் நின்ன பிறகுதான் கீழேயிருந்து ஆளே வந்தான்."

மலிக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதவைத் திறக்கச் சொன்னார்.

நீண்ட கூடம். ஜன்னலெல்லாம் கூரையோரம், அதன் வழியே விழுந்த வெயில் தரைக்கு வருமுன்பே சோர்ந்துபோயிருந்தது. இரண்டு சுவரோரமும் இளவரசர்கள் நின்றார்கள். தொப்பை சரிந்தவர்கள், தாடி நரைத்தவர்கள், பட்டுச் சட்டையில் குழம்புக்கறை உள்ளவர்கள். 'என்னைக் கூட்டிக்கொண்டு போ' என்று காலைப் பிடிப்பார்கள் என்று மலிக் எதிர்பார்த்து வந்திருந்தார். ஒருவன்கூடத் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கோடியில், மெத்தையில், ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். இளவயது, மழித்த முகம், மடியில் கை. மலிக்கை நேராகப் பார்த்தார்.

"உங்க பேரு?"

பதில் இல்லை.

"எழுந்திருங்க."

எழுந்தார்.

"உட்காருங்க."

உட்கார்ந்தார். மலிக்குக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. அடடா, இப்படி ஒரு பொம்மைக்காக அல்லவா ஆயுசெல்லாம் காத்திருந்தோம்!

"இவர்தான்," என்றார்.

கூடம் முழுவதும் ஒரு பெருமூச்சு போயிற்று. மூத்தவரான பஹ்ராம் முழங்காலில் விழுந்து மலிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதார். "நிஜமாவா? இவரையா கூட்டிட்டுப் போறீங்க? அல்லாஹ் உங்களுக்கு எல்லாம் கொடுக்கட்டும். திருப்பி மட்டும் கொண்டாந்துடாதீங்க."

"த்தூ! மீசை வெச்ச ஆம்பிளையா நீ?" என்று மலிக் கையை உதறினார். கிரீடம் என்றாலே நடுங்குகிற கூட்டம். விஷத்துக்குப் பயந்து சாகிறார்கள் என்று நினைத்தார்.

வெளியே வந்ததும் மர்ஜான் அருகில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"ஹுஜூர், உள்ள ஒவ்வொருத்தருக்கும் தனித்தட்டு. பல வருஷமா நான்தான் அனுப்பறேன். இவருக்குன்னு ஒரு தட்டு போனதே இல்ல."

"அப்போ பக்கத்துத் தட்டுல தின்னிருப்பார். போய்யா."

"அந்த வீட்டுல வருஷத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேர் குறையறாங்க. காய்ச்சல்னு உள்ளேயிருந்து சொல்லுவாங்க. நாங்க சடலத்தைப் பார்த்ததில்ல."

"உன் கையாலாகாத்தனத்தை எங்கிட்ட ஏன் சொல்றே?"

இருந்தாலும் மறுநாள் காலை பல்லக்கை இளவரசருக்கு விட்டுவிட்டு மலையிறங்கும்போது, மலிக் ஏறிய குதிரை அதன் பக்கம் போகவே மறுத்தது. வழியெல்லாம் காட்டுமைனாக்கள் கத்திக்கொண்டிருந்தன. பல்லக்கு நெருங்க நெருங்க, மரம் மரமாக அந்தச் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. தூக்கிகள் வழக்கமான பாட்டைப் பாடவில்லை. ஒருவன் மட்டும் முணுமுணுத்தான்: "உள்ள ஆள் இருக்காரா? கனமே இல்லையே." மலிக் சவுக்கை ஓங்கினார். ஆனால் திரையை விலக்கிப் பார்க்கவில்லை. ஏனோ மனம் வரவில்லை.

தர்பார் மண்டபத்தில் பிரபுக்கள் நிறைந்திருந்தார்கள். பெயர்கூட மலிக்கே வைத்துவிட்டார், ஏதோ ஒரு ஷா. இந்த முதல் சலாம் முடிந்தால் பள்ளிவாசல், பிரசங்கம், பெயர். தலை தப்பிவிடும். இந்த தர்பாரில் எல்லாரும் இடுப்பு வளைந்து, தரையைப் பார்த்து நிற்க வேண்டும். சுல்தான் சொன்ன பிறகுதான் நிமிர வேண்டும். முந்தி நிமிர்ந்தவனை முதுகுக்குப் பின்னால் நிற்கும் வாள்காரன் கவனித்துக்கொள்வான். பிரபுக்களை அடக்க அந்த விதியை இவ்வளவு கடுமையாக்கியதே மலிக்தான்.

அரியணையருகில் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "'நிமிருங்க'. ஒரே வார்த்தை. சொல்லுவீங்கல்ல?"

அவர் மலிக்கைப் பார்த்தார்.

முரசு அதிர்ந்தது. மண்டபமே வளைந்தது. முன்வரிசையில் மலிக்கும் வளைந்தார்.

காத்திருந்தார்கள். பன்னீர் வாசனையும் வேர்வை வாசனையும் கலந்து மேலே எழுந்தன, யாரோ ஒரு கிழவர் இருமலை விழுங்கினார், மலிக்கின் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டி விரிப்பில் ஒரு புள்ளி வைத்தது. சொல்லடா பாவி, ஒரு வார்த்தை!

வெளியே பாங்கு ஒலித்து ஓய்ந்தது. பள்ளிவாசலில் பெயருக்காகக் காத்திருப்பார்கள்.

அரியணை கிறீச்சிட்டது.

வெறுங்கால்கள் படியிறங்கும் மெல்லிய சத்தம். பின்வரிசைப் பக்கம் போனது. நின்றது. ஒரு தலைப்பாகை தரையில் விழுந்தது. அப்புறம் ஈரச் சுண்ணாம்பு வாடை.

பின்னால் வாள் ஒன்று கல்தரையில் விழுந்து கணகணத்தது. இன்னொன்று. எடுப்பாரில்லை.

இனி நிமிரலாமே. வாள்தான் விழுந்துவிட்டதே. மலிக் கழுத்துக்கு ஆணையிட்டார். கழுத்து கேட்கவில்லை.

இன்னொரு தலைப்பாகை.

அடுத்து, பக்கத்தில் ஒன்று. இருமலை விழுங்கிய கிழவர் அங்கே இல்லை.

பாதங்கள் எதிரே வந்து நின்றன. பிறந்த குழந்தையின் பாதங்கள்போல இளஞ்சிவப்பாக, ஒரு தூசு இல்லாமல், பூமியில் நடந்தே அறியாததுபோல.

"ஹுஜூர்," என்றார் மலிக். ஆயுசில் யாரையும் மனதார அப்படி அழைத்ததில்லை. "உங்க காலடியிலதான் கிடக்கேன் ஹுஜூர். ஒரு வார்த்தை..."

இரண்டு உள்ளங்கைகள் விரிப்பில் ஊன்றின. முழங்கால்கள் மடங்கின. அந்த முகம் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, வளைந்த மலிக்கின் முகத்துக்கு அடியில் வந்து, மேல்நோக்கித் திரும்பியது.

உதடுகள் பிரிந்தன. வார்த்தை வரவில்லை. வாய் மட்டும் திறந்துகொண்டே போனது.