வேலியோரச் செடியில் செம்பு

“ஐயையோ... நிறுத்துங்க! என் செடி மேல என்னத்தைங்க அடிக்கிறீங்க?”

மழை விட்டதுகூடத் தெரியாமல் குடையோடு ஓடிவந்தாள் ஆராய்ச்சி மாணவி. முதுகில் மருந்துத் தெளிப்பானோடு திரும்பினான் ரோஜாத் தோட்டக்காரன். ஈரமான இமைகள்... அதற்குள் கோபமான இரண்டு பெரிய கண்கள். அவன் தெளிப்பதை நிறுத்தினான்.

“உங்க செடியா? வேலியோரம் தானா முளைச்ச காட்டுச்செடிங்க இது.”

“அதான் என் ஆராய்ச்சியே! இதோட சாறு கிருமியைக் கொல்லுதுன்னு நாளைக்கு மேடையில பேசப்போறேன்.”

“நான் ரோஜாவுக்குத்தாங்க அடிக்கிறேன். காத்துல இது மேலயும் படும். மழை விட்டா இலையில புள்ளி விழுதே... அதுக்கு செம்பு கலந்த மருந்து.”

செம்பு!

அவளுக்குத் தலை சுற்றியது. சாற்றில் செம்பு அதிகம் என்று ஆய்வக முடிவு வந்தபோது, ‘மண்ணுலேர்ந்து உறிஞ்சுது போல... என்ன கெட்டிக்காரச் செடி!’ என்று துள்ளியவள் அவள். மழையே கழுவிவிட்டதே என்று இலையை அப்படியே அரைத்தவளும் அவள்தான். அப்படியென்றால்... கிருமி வளர்த்த தட்டில் கிருமிகள் செத்து விழுந்த அந்தப் பெரிய தெளிந்த வட்டம் செடியுடையதே இல்லையா?

“ஏங்க, முகம் வெளுத்துப்போச்சே! வேணும்னா நானே உங்க காலேஜுக்கு வந்து சொல்றேன், தப்பு என்னுதுன்னு.”

“ஒண்ணும் வேணாம்! என் தப்பை நானே சொல்லிக்குவேன்.”

சொன்னாள். பேராசிரியை அதிர்ந்துபோனார். மேடை கைநழுவியது. “மருந்து படாத இலையில செஞ்சு காட்டு. இல்லேன்னா தலைப்பை மாத்திடு.” அப்பாவோ போனில், “படிச்சது போதும், வந்து கல்யாணத்தைப் பண்ணிக்கோ” என்றார்.

வீம்பை விழுங்கிக்கொண்டு மறுபடி வேலிக்கு வந்தாள்.

“அந்தப் பக்கம் மருந்தை நிறுத்திட்டேன்” என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. “புதுத் தளிர் விட்டிருக்கு... பறிச்சுக்குங்க.”

பறித்தாள், கழுவினாள், அரைத்தாள். இந்தமுறை வட்டம் சின்னதுதான். ஆனால் செம்பு இல்லை. இலைக்குத் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் செய்த வேலை. பேராசிரியை தலையசைத்தார்.

அதன்பிறகும் வாரம் தவறாமல் வந்தாள்.

“இன்னிக்கும் இலையா?” கூடையை நீட்டினான் அவன். “தாராளமா பறிங்க. வேலியோர ரோஜாவெல்லாம்தான் பட்டுப்போச்சு... பரவாயில்ல.”

“என்னது! மருந்தடிக்காம விட்டதாலயா? ஏங்க இப்படி...”

“அடிச்சா நீங்க வரமாட்டீங்களே...”

அவள் இலையைத் தொடவில்லை.

“சோதனை போன மாசமே முடிஞ்சிடுச்சுங்க. அதுக்கப்புறம் பறிச்சதெல்லாம் குப்பைக்குத்தான் போச்சு.”

கூடை நழுவி விழுந்தது.

“அப்ப... எதுக்கு வந்தீங்க?”

“அதைத்தானே இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்கேன்... மக்கு!”