கையைத் தூக்காமல் போனவள்

வளைவில் திரும்பியவள் பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள். எதிரே ஒரு ஜீப்... அதன் பின்னால் கட்டியிழுத்து வந்த தொட்டிவண்டி நிறைய ஆடுகள். இரண்டு வண்டிகளும் முட்டாத குறைதான்.

மூன்று நாள் தனியாக இங்கிலாந்தின் டெவன் பக்கம் வந்து, கடலைப் பார்த்து, மழையில் நனைந்து, மனசைத் தேற்றிக்கொண்டு பிரிஸ்டலுக்குத் திரும்பும் நேரத்தில் இப்படியா என்றிருந்தது ப்ரையனிக்கு. இரு பக்கமும் ஆளுயரச் செடிவேலி. நடுவில் ஒரே ஒரு வண்டி போகிற சாலை.

ஜீப்பிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். மழை சொட்டும் தலைமுடி... அதற்குக் கீழே அநியாயத்துக்குப் பச்சையாக இரண்டு கண்கள்!

"ஏங்க, உங்களுக்குப் பின்னாடியே ஒதுங்க இடமிருக்கு. கொஞ்சம் பின்னால எடுங்களேன்."

"நீங்க எடுங்களேன்."

"நான் ஆடுங்களோட வந்திருக்கேங்க."

"நான் மட்டும் சும்மாவா வந்திருக்கேன்? ஒரு பெட்டி, ரெண்டு பாட்டில் ஜாம் இருக்கு."

"ஜாம் மிரளாதுங்களே!"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். உண்மை என்னவென்றால் அவளுக்கு வண்டியைப் பின்னால் எடுக்க வராது. "இறங்கு, உனக்கெல்லாம் இது வராது" என்று சாவியைப் பிடுங்கிப் பிடுங்கியே, கூட வாழ்ந்த கிரெகரி அவளைக் கற்றுக்கொள்ள விடவில்லை. அவனை விட்டு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"என் பேரு டென்சில். மேட்டுல இருக்கிற பண்ணை நம்மளதுதான். சாவியக் குடுத்தா நானே எடுத்துத் தரேன்..."

"வேண்டாம்!"

சுள்ளென்று வந்துவிட்டது. அவன் முகம் சுருங்கியது. திரும்பிப் போய், ஆடுகளோடு சேர்த்து வண்டியை மேட்டில் பின்னாலேயே ஏற்றினான். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் வியர்த்துக் கொட்டும் வேலை அது. அவன் பண்ணை வாசலில் ஒதுங்கியதும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி அவள் கடந்து போனாள்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. ஐயோ... கையைத் தூக்கவில்லையே! வழிவிட்டவனுக்குக் கையைத் தூக்கிக் காட்டாமல் போவது அந்தச் சாலைகளில் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

யாரோ எவனோ, நினைத்துவிட்டுப் போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. பெரிய சாலையில் ஏறிவிட்டால் அந்தக் கண்களை இனி எங்கே பார்ப்பது? ஆனால் திரும்ப வேண்டுமானால் வயல் வாசலுக்குள் வண்டியைப் பின்னால் விட வேண்டுமே...

முதலில் இன்ஜின் நின்றுபோனது. அடுத்து வயல் கேட்டில் 'டமார்'. உனக்கு வராது, வராது என்று காதுக்குள் அதே குரல்.

"வாயை மூடு, கிரெகரி!" என்று சத்தம் போட்டே சொன்னாள். வண்டி திரும்பிவிட்டது.

டென்சில் பண்ணை வாசலிலேயே மிரண்ட ஆடுகளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது.

"என்னங்க, வழி தப்பிடுச்சா?"

"நன்றி சொல்ல வந்தேன். கையைத் தூக்காமப் போனது திமிர்ல இல்லீங்க... பயத்துல. எனக்குப் பின்னால எடுக்கவே வராது. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"வராதுன்னா எப்படித் திரும்பினீங்க?"

"எடுத்தேன்." கண் கலங்கிவிட்டது. "நானே எடுத்தேன்."

அவன் அவள் காரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான். பச்சைப் பெயின்ட் நீளமாக அப்பியிருந்தது.

"அந்த வயல் கேட்டும் என்னோடதுதாங்க."

"ஐயையோ!"

"இருக்கட்டும், அது ஏற்கெனவே கோணல்." சிரித்தவன் சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்லட்டா? நீங்க கையைத் தூக்காமப் போனப்ப கோபமே வரலைங்க. போயிட்டாங்களேன்னுதான் இருந்துச்சு... பேருகூடக் கேக்கலையேன்னு."

"ப்ரையனி."

மழை வலுத்தது. இருவருக்கும் நகரத் தோன்றவில்லை.

"நன்றி சொல்ல வந்தேன்னு சொன்னேன்ல... அது பாதிதான்."

"மீதி?"

அவள் அந்தப் பச்சைக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"உங்களை விட்டுட்டுப் போக மனசு வரல, டென்சில்."